கோடு உள்ளேதான் இருந்தது

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் அனுமதி. சட்டம் போட்டது அக்கா. கணவர் வீட்டை விட்டு வந்து என் அறையில் இரண்டாவது கட்டிலைப் போட்ட முதல் வாரமே போட்டுவிட்டாள். அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், பார்க்கப் போன இடத்தில் கை பட்டுத் திறந்திருக்குமோ என்று தோன்றும். மறுபடி எழுவேன்.

"இந்தா பாரு டீ, ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்றாள் அக்கா, ஆள்காட்டி விரலைத் தூக்கி. "அதுவும் உருப்படியான சந்தேகமா இருக்கணும். மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கோ. கெட்டுப்போகாது."

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பஸ் பணிமனையில் தகரம் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "என்ன பாப்பா, இன்னைக்கு ரேஷன் வாங்கியாச்சா?"

எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒன்றுதான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் பாதிச் சந்தேகங்கள் தானாகவே உதிர்ந்துவிடும். அம்மா போன பிறகு அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கொள்ளாத வீடு அது. அக்கா வந்துதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நான்தான் பொருள் என்றாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. அங்கே சந்தேகப்படுவதைத் திறமை என்பார்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் நடக்கும் சைக்கிள் பழுது பார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். சைக்கிள் மேல் உள்ள ஆசையால் அல்ல. ஓட்டும்போது ஏதாவது கழன்றுவிடுமோ என்ற பயத்தால்தான். எது எதோடு எப்படி மாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போகும் என்று நினைத்தேன். பயப்பட வேண்டிய இடங்கள்தான் கூடின.

அக்காவுக்கு வேலை கிடைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்குப் போய், அங்கே எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் வாங்கிக்கொண்டு, கெடுவதற்குள் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். சொந்த சைக்கிள் வேண்டும். ஒரு மாதம் சோதனைக் காலம். அதில் தேறினால் வேலை நிரந்தரம்.

தேறினால் அவள் எங்கே போகப் போகிறாள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஓர் அச்சகத்துக்கு மேலே காலியாக இருந்த அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். என்னையும் கூட்டிப் போய்க் காட்டினாள். கீழே இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிர்ந்தது. ஒரு சன்னல், ஒரு குழாய், சுவரின் ஒரு மூலையில் ஈரம். எனக்கு அந்த ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தே விரலைத் தூக்கிவிட்டாள்.

"ஈரம் எனக்கும் தெரியுது டீ. ஆனா இங்க பாரு" என்று கதவைத் தட்டிக் காட்டினாள். "சாவி என் கையில இருக்கும். எவன் வந்தாலும் நான்தான் திறக்கணும். நான் திறக்கலைன்னா திறக்கல. அவ்வளவுதான்."

கணவர் வீட்டில் அவளிடம் எந்தச் சாவியும் கிடையாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அச்சகக்காரர் மாதக் கடைசி வரை அறையை வேறு யாருக்கும் விடுவதில்லை என்று சொல்லியிருந்தார்.

சைக்கிள் என்னுடையது. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் குள்ளம், அக்கா நெட்டை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா ரெண்டு சரியான பொண்ணுங்க கிடைக்கும்" என்பார் அப்பா. அந்த அலுமினிய சைக்கிளைப் பழையதாக வாங்கியபோது, சீட்டை எவ்வளவு இறக்கினாலும் என் கால் தரையைத் தொடவில்லை. சீட்டைத் தாங்கும் கம்பி பிரேமின் குழாய்க்குள் இறங்கும் அல்லவா? தண்ணீர்ப் பாட்டில் மாட்டுவதற்கான மரை உள்ளே நீட்டிக்கொண்டிருந்ததால் கம்பி அதில் முட்டி நின்றுவிட்டது. அப்பா கம்பியை வெளியே உருவி, அடிப்பக்கத்தில் நாலு விரல் அளவுக்கு ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார். சீட் இறங்கியது. என் கால் தரையைத் தொட்டது.

அப்பா கையில் ரம்பம் இருந்தால் அப்படித்தான். ஒரு நாற்காலி ஆடுகிறது என்று ஒரு காலை அறுத்தார். பிறகு அதற்குச் சரியாக இன்னொரு காலை. பிறகு மறுபடி முதல் காலை. கடைசியில் அது கால் கழுவ உட்காரும் முக்காலி உயரத்துக்கு வந்து, அப்படியே குளியலறைக்குப் போய்விட்டது. ஆனால் சீட் கம்பி விஷயத்தில் அவர் செய்தது எனக்கு உதவிதான். அதை எங்கள் மூவரில் யாரும் தப்பு என்று நினைத்ததில்லை.

சோதனைக் காலத்தின் மூன்றாவது வாரத்தில் அக்காவின் முட்டி வீங்கிவிட்டது. அவ்வளவு நீளக் காலை மடக்கி மடக்கி என் உயரத்துக்கு வைத்த சீட்டில் மிதித்தால் வேறென்ன ஆகும்? முதல் இரண்டு வாரம் சீட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டாள். அது போதவில்லை.

அன்று எனக்கு வகுப்பு இல்லாத மாலை. வாசலில் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டாள். அப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா டீ, சந்தேகம். படிச்சதைக் காட்டு. எனக்குச் சீட் இன்னும் மேல வரணும்."

சீட் கம்பியைப் பிரேமோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தினேன். சீட்டை மேலே இழுத்தேன். அக்கா ஏறி உட்கார்ந்து பெடலைக் கீழே மிதித்துப் பார்த்தாள். "இன்னும்" என்றாள். இழுத்தேன். "இன்னும் கொஞ்சம்." இழுத்தேன். அப்போது கம்பியில் கிளாம்ப்புக்கு மேலே ஒரு கோடு வெளியே வந்தது.

போன வாரம்தான் வகுப்பில் இந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லித்தந்திருந்தார்கள். கம்பி செய்கிற இடத்திலேயே போடுகிற கோடு அது. அது கண்ணுக்குத் தெரிந்தால், கம்பி போதுமான ஆழத்துக்கு உள்ளே இல்லை என்று பொருள். ஆசிரியை ஒரு வளைந்த கம்பியைக் காட்டிச் சொன்னார்: "கோடு தெரிஞ்சா ஓட்டாதீங்க. கோடு உள்ள இருந்தா ஓட்டலாம்." நான் அதை அப்படியே மனத்தில் வாங்கி வைத்திருந்தேன். இவ்வளவு தெளிவான விதி என் வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

"இதுக்கு மேல கூடாது" என்று சொல்லி, கோடு உள்ளே போகும் வரை சீட்டை இறக்கி, கிளாம்ப்பை முறுக்கினேன். அரை விரல் அளவு உள்ளே. விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அக்கா வாசலுக்கும் தெருமுனைக்குமாக ஒரு சுற்று போய் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல நாள் கழித்துக் காலை நீட்டிப் படுத்தவள் போல இருந்தாள்.

"சரியா டீ?"

"சரி. கோடு உள்ளதான் இருக்கு."

"அப்பா, கேட்டீங்களா? இவ 'சரி'ன்னு சொல்லிட்டு அதுக்கு அப்புறம் 'ஆனா'ன்னு சொல்லலை. நாளைக்கு மழைதான்."

"கம்பி நல்ல கம்பி" என்றார் அப்பா படியிலிருந்தே. "நான் அறுக்கும்போது பார்த்தேனே. ரம்பமே திணறிச்சு. நல்லாப் பிடிக்கும்."

அந்த 'அறுக்கும்போது' என்ற சொல்லில்தான் எனக்கு ஏதோ குத்தியது. என்ன குத்தியது என்று உடனே தெரியவில்லை. கோடு கம்பி செய்கிற இடத்தில் போட்டது. அறுத்தது அதற்கப்புறம். கோட்டுக்குக் கீழே எவ்வளவு கம்பி இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ அவ்வளவு இப்போது இருக்கிறதா? கோட்டிலிருந்து எண்ணுவதா, அடியிலிருந்து எண்ணுவதா?

"அக்கா, ஒரு நிமிஷம்…" என்றேன்.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பாமல் விரலைத் தூக்கினாள். "காலைல பின்பிரேக் கட்டை தேஞ்சிருக்குன்னு கேட்டியே. அது என்ன? அதோட இன்னைக்கு ரேஷன் தீர்ந்துச்சு."

உண்மைதான். பிரேக் கட்டையில் செலவழித்துவிட்டிருந்தேன். அது தேய்ந்துகூட இருக்கவில்லை. அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை. நான் சொல்வது தப்பாக இருந்தால் மறுபடி சிரிப்பார்களே என்பதும் இருந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக இதைக் கேட்டுவிடலாம், நாளைய கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது அவள் கட்டில் காலியாக இருந்தது. ஒரு மருத்துவமனையில் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார்களாம். "சீட் உயரம் வந்ததும் ரெக்கை முளைச்சிடுச்சு. விசில் அடிச்சுக்கிட்டே போனா" என்றார் அப்பா.

கடையில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தேனே தவிர மனம் அங்கே இல்லை. போன் செய்யலாம் என்று எடுத்தேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்து, அவள் ஒரு கையை விட்டு எடுத்தால்? வைத்துவிட்டேன். குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று தட்டினேன். முதலில் 'ஓட்டாதே' என்று எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டாதே என்றால் அவள் எப்படிக் குப்பிகளைக் கொண்டு சேர்ப்பாள்? சோதனைக் காலத்தில் ஒரு சுற்று தவறினால் வேலை போய்விடும். வேலை போனால் அறை போய்விடும். ஒரு கோட்டின் மேல் எனக்கு வந்த சந்தேகத்துக்காக அவள் சாவியை இழப்பதா? எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. எதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்?

அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'இன்னைக்குச் சந்தேகம்: சீட் கம்பி. வீட்டுக்கு வந்ததும் பார்க்கணும்.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'பதிவு செய்யப்பட்டது. சாயங்காலம் விசாரணை.'

அதைப் படித்துச் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மனசு லேசாகிவிட்டது. சொல்லியாகிவிட்டது, இனி என் பொறுப்பு இல்லை என்பது போல நான் சாப்பிடப் போனேன்.

மதியத்துக்கு மேல் அப்பா கூப்பிட்டார். அவர் எப்போதும் போனில் கத்திப் பேசுவார். அன்று மெல்லப் பேசினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள சந்தில் வேகத்தடை மேல் ஏறி இறங்கியிருக்கிறாள். பின்னால் ஏதோ முறியும் சத்தம். குழாயின் வாய் கிழிந்து, கம்பி சீட்டோடு பின்னால் சாய்ந்துவிட்டது. அவள் மல்லாந்து விழுந்தாள். இடக்கை மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. தலை தப்பியது. அப்பா போய்ச் சேர்ந்தபோது, அவள் நடைபாதை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, குளிர்ப்பெட்டியை வலக்கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாளாம். இன்னொரு ஆள் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போகும் வரை மருத்துவமனைக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள்.

கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, அப்பா வாசலில் உட்கார்ந்து கம்பியை உருவினார். உருவுவதற்கு ஒன்றுமே இல்லை. கையோடு வந்துவிட்டது. கோடு இருந்த இடத்திலிருந்து அடி முனை வரை அவர் விரலை வைத்து அளந்தார். இரண்டு விரலும் கொஞ்சமும். அவ்வளவுதான் உள்ளே போயிருந்தது, கோட்டுக்கு மேலிருந்த அரை விரலையும் சேர்த்தால் மூன்று விரல்கூட முழுசாக இல்லை. அறுத்தெடுத்த நாலு விரலும் இருந்திருந்தால் அந்தக் கம்பி குழாயில் நன்றாக இறங்கி, மேல் குழாய் வந்து சேரும் இடத்துக்கும் கீழே போய்ப் பிடித்திருக்கும். இப்போது ஓர் ஆளின் முழுப் பாரமும் குழாயின் மெல்லிய வாயை மட்டும் நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

"கோடு உள்ள இருந்துச்சேம்மா" என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொன்னாரா, கம்பியைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. "இருந்துச்சே. நானும் பார்த்தேனே."

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் தண்ணீர் கொண்டு போனேன்.

"உன் சந்தேகம் இதானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எப்ப வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையில்தான் தோன்றியது என்றால் முடிந்தது. "நேத்து சாயங்காலம். அப்பா அறுத்ததைப் பத்திச் சொன்னப்ப."

"ஏன்டீ அப்பவே சொல்லல?"

"ஒரு நாளைக்கு ஒண்ணுதானே" என்றேன்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சத்தியமாக அதுதான் என் வாயில் வந்தது. ஆனால் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீரை வாங்காமல் என் கையிலிருந்த குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன் டீ" என்றாள், சுவரிடம்.

அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் கம்பியைக் கொண்டு போய்க் காட்டினேன். அவர் அடி முனையில் இருந்த ரம்பத் தடத்தைத் தடவிப் பார்த்தார். "அறுத்த கம்பிக்கு ஏதும்மா கோடு? அது செத்த கோடு. வெளிய உருவி நீளத்தைப் பார்க்கணும்" என்றார். கம்பியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "இதையும் நான் சேர்த்துச் சொல்லியிருக்கணும். அறுப்பாங்கன்னு தோணலை" என்றார். இப்படி ஆளுக்கு ஒரு பங்கு வருத்தம் கிடைத்தது. பங்கு போட்டதால் யாருக்கும் குறையவில்லை.

அப்பா ரம்பத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். அக்காவிடம் அவர் பேசியதெல்லாம் "கஞ்சி சூடா இருக்கு", "மாத்திரை போட்டாச்சா", அவ்வளவுதான். அவள்தான் அவரைச் சீண்டிப் பார்த்தாள். "அப்பா, கட்டு கொஞ்சம் நீளமா இருக்கு. நாலு விரல் அறுத்துத் தர்றீங்களா?" அவர் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அவளும் அந்த மாதிரிப் பேசவில்லை.

பரிசோதனை நிலையத்து மேற்பார்வையாளர் ஓர் அம்மாள். கண்டிப்பானவர் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவரே போன் செய்தார்.

"விழுந்தும் பெட்டி சாயல. ஒரு குப்பிகூட உடையல. அப்படிப்பட்ட ஆளை விட எனக்கு மனசு இல்லை" என்றார். "ஆனா சுத்து நிக்கக் கூடாது. கை சரியாகிற வரைக்கும் உங்க வீட்டுலேர்ந்து வேற யாராவது வரட்டும். இடம் அவளுக்குத்தான்."

நான் போனேன். கண்ணாடிக் கடை முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சம்பளமில்லாத விடுப்புக் கொடுத்தார். வகுப்பிலிருந்து ஒரு சைக்கிளை இரவல் தந்தார்கள். ஓட்டத் தொடங்கும் முன் அதன் சீட் கம்பியை வெளியே உருவி முழுசாகப் பார்த்தேன்.

அந்த வேலை எனக்குப் பொருந்தியது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் நடந்தது. ஒவ்வொரு குப்பியிலும் ஒட்டியிருக்கும் பெயரையும் கூட வரும் காகிதத்தில் இருக்கும் பெயரையும் இரண்டு தடவை பார்ப்பேன். "உங்க அக்கா வாங்கினா, போனா. நீ என்னம்மா கல்யாண ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்க்கிற?" என்று ஒரு செவிலி கிண்டல் செய்தார். ஒரு நாள் பெயர் மாறி ஒட்டியிருந்த குப்பி ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து அவர் கிண்டல் செய்யவில்லை. நான் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்பாள்: எந்தச் சந்தில் போனாய், எங்கே காக்க வைத்தார்கள், அந்தக் கண்டிப்பு அம்மாள் என்ன சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்வேன். தன் வீட்டை வாடகைக்கு விட்டவள் விசாரிப்பது போல விசாரிப்பாள். அச்சகக்காரரும் நல்ல மனிதர். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு கொஞ்சம் இளைத்திருந்தது, ஆனால் பிடி வந்துவிட்டது. அப்பா அதற்குள் அவள் உயரத்துக்கு ஏற்ற பெரிய பிரேம் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்திருந்தார். நானும் ஆசிரியையும் அதைப் பிரித்துப் பூட்டினோம். நீளமான புதுக் கம்பி, அறுபடாதது. குழாய்க்குள் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்படி பிரேமின் மேல் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு அக்காவிடம் காட்டினேன். கிட்டத்தட்ட ஒரு சாண்.

"ஒரு யானையே உட்காரலாம் போல" என்றாள்.

"உட்காரு, பார்ப்போம்" என்றார் அப்பா. அவள் விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

அவள் ஏறினாள். பெடலின் மேல் நின்றபடியே மிதித்துத் தெருமுனை வரை போனாள். நின்றபடியே திரும்பி வந்தாள்.

"உட்கார்ந்து ஓட்டும்மா."

"உட்காரத்தான் போறேன், இருங்கப்பா."

மறுபடி போனாள். இந்தத் தடவை பாதித் தூரத்தில் சீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுருள் லேசாகக் கிறீச்சிட்டது. புதுச் சீட் அப்படித்தான் சத்தம் போடும். அந்த நொடியே நெருப்பைத் தொட்டவள் போல எழுந்துவிட்டாள். சைக்கிள் தள்ளாடியது. காலை ஊன்றி நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு வந்தாள். மேலுதடு வியர்த்திருந்தது.

"உட்கார்ந்தா, பின்னால ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு டீ."

"கம்பி ஒரு சாண் உள்ள இருக்கு அக்கா. நான் உருவிக் காட்டறேன் வேணும்னா."

"எனக்குத் தெரியுது. உனக்கு மேல எனக்குத் தெரியுது. ஆனா உடம்பு கேட்க மாட்டேங்குது."

ஒவ்வொரு மாலையும் முயன்று பார்த்தாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். அப்பா வேறு ஒரு சீட் வாங்கி வந்து மாட்டினார், சத்தம் போடாத சீட். ஒரு நாள் பிடிவாதமாக என் சுற்று முழுவதையும் அவளே போனாள், முழுக்க நின்றபடி. திரும்பி வந்தபோது முட்டி இரண்டும் பூசணி போல வீங்கியிருந்தன. மேற்பார்வையாளர் அம்மாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்: "இப்படியே நின்னுக்கிட்டு எத்தனை நாள் சுத்துவ?"

அக்கா அங்கேயே பதில் சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் அப்புறம்தான் சொன்னாள்.

"இடத்தை உனக்கே கொடுக்கச் சொல்லிட்டேன்."

"நான் மாட்டேன். அது உன் வேலை. உனக்காகத்தான் நான் பிடிச்சு வச்சிருந்தேன்."

"நீ விட்டா எனக்கா வரும்? வேற எவனாவது வருவான். கண்ணாடிக் கடையை விட ரெண்டு மடங்கு கொடுக்கிறாங்க. முட்டாளா நீ?"

"அப்ப அந்தச் சம்பளத்துல அந்த அறையை எடுத்துக்கலாம். நீ அங்க இரு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் இன்னும் சின்னப் பிள்ளை என்பது போலப் பார்த்தாள்.

"நீ கொடுக்கிற சாவியா?" என்றாள். "ஒருத்தன் கொடுத்தா உண்டு, கொடுக்கலைன்னா இல்லைன்னு இருந்துட்டுத்தான் வந்திருக்கேன் டீ. நீ நல்லவதான். ஆனா அது அதே சாவிதான்."

மறுநாள் அவளே அச்சகத்துக்குப் போய், அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அவள் வந்த பிறகு, அப்பா அன்று மாலை முழுதும் பணிமனையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், யாரும் கேட்காமலே.

இப்போது அவள் வேறு வேலை தேடுகிறாள். நடந்து போகிற தூரத்தில், அல்லது பேருந்தில். ஒரு பார்சல் அலுவலகத்தில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, இன்று காலை கிளம்பினாள். நானும் சுற்றுக்குக் கிளம்பும் நேரம் அது. அந்தப் பெரிய சைக்கிள் எனக்கு எட்டாது. ஆகவே இரவல் சைக்கிளையே விலைக்குக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தேன். அவளுடைய நீளமான எட்டுக்கு ஈடுகொடுக்க நான் ஓட்டமும் நடையுமாக வர வேண்டியிருந்தது.

"ஏறி ஓட்டிட்டு வாயேன்" என்றாள். "எதுக்கு இழுத்துக்கிட்டு வர்ற?"

"பரவாயில்லை."

"லேட் ஆகும் டீ. ரத்தம் காத்திருக்கும்."

"ஆகட்டும்."

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். அவள் சட்டையின் கைப்பகுதியை மணிக்கட்டு மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டாள். என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். கை எப்படி ஆயிற்று என்று கேட்டால் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லப் போகிறாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேருந்து வந்தது. அவள் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, கையை ஆட்டினாள்.

பேருந்து வளைவில் திரும்பி மறையும் வரை அங்கேயே நின்றேன். அவள் கண்ணெதிரில் சைக்கிளில் ஏறி உட்கார எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு சீட்டின் மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, முதல் மருத்துவமனைக்கு மிதித்தேன்.